நேரத்துக்கு ஒரு சைபர்

“அந்தப் பொண்ணுக்குக் கை ஸ்லோ சார்” என்று எங்கள் மேனேஜர் போனில் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. தொண்ணூற்றி ஒன்றாம் வருஷம். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணியவள் நான், அதுவும் முதல் வகுப்பில். இன்ஸ்டிட்யூட்டில் நான் அடிக்க உட்கார்ந்தால் பக்கத்து மிஷின்காரர்கள் கையை எடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கா கை ஸ்லோ? அன்றைக்கு வந்த கோபம் இந்த வயசிலும் முழுசாக இறங்கவில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கம்பெனி சுங்குவார்சத்திரத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் இருந்தது. அப்போது அந்தப் பக்கத்துக் கம்பெனிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். லாரிக்கும் டிராக்டருக்கும் பிரேக் டிரம் வார்த்து, கடைந்து, மறைமலை நகருக்கும் இன்னும் பல ஊர்களுக்கும் அனுப்புவார்கள். என் அப்பா கொத்தனார். அந்தக் கம்பெனியின் காம்பவுண்ட் சுவரில் பாதி அவர் கட்டியது. நான் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம், “பாத்துப் போ, என் செவுத்துல இட்ச்சிக்காத” என்று வாசலில் நின்று கிண்டல் பண்ணுவார். சுவருக்கு வெளியே சிமெண்ட் குழைத்தவருடைய மகள் உள்ளே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கிறாள் என்பதில் மனுஷருக்கு அவ்வளவு பெருமை. நேராகச் சொல்ல வராது, கிண்டலாகத்தான் வரும்.

டெஸ்பாட்ச் செக்‌ஷனில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக என்னை எடுத்திருந்தார்கள். ஆறு மாசம் தற்காலிகம். அதற்குப் பிறகு பர்மனென்ட் ஆர்டர், இல்லையென்றால் வீடு. வீடு என்றால் எங்கள் வீடும் இல்லை. அரக்கோணத்தில் அக்காவுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்திருந்தன. நான் சும்மா இருந்தால் அங்கே ஒத்தாசைக்கு அனுப்பிவிடப் போவதாக அம்மா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். பிள்ளைகள் மேல் எனக்கு உயிர்தான். அதற்காக, படித்துத் தேடிக்கொண்ட வேலையை விட்டுவிட்டு இரண்டு பேருக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருக்கவா முடியும்? அந்த ஆர்டர் எனக்கு வேண்டும். ஜெபத்தில்கூட வேறு எதையும் கேட்காமல் அதை ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

ஆபீஸில் மொத்தம் நாலு கம்ப்யூட்டர். மேனேஜர் ரூமில் பெரிய மிஷின் ஒன்று, அதை சர்வர் என்பார்கள். எத்தனை டிரம் கையிருப்பில் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குள்தான். ஸ்டோர்ஸில் ஒன்று, என்னிடம் ஒன்று, பில் செக்‌ஷனில் ஒன்று. நாலையும் ஒரு கறுப்பு ஒயர் சுவரோரமாகப் போய் இணைத்திருந்தது. ஒரு லாரி கிளம்ப வேண்டுமானால் ஸ்டோர்ஸ்காரர் இருப்பில் கழிக்க வேண்டும், பில்காரர் பில் போட வேண்டும், நான் கேட் சிலிப் அடிக்க வேண்டும். மூன்று பேரும் கை வைப்பது சர்வருக்குள் இருக்கும் அதே ஒரு இருப்புப் பட்டியலில். ஒருவர் அதைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்கு அது பூட்டிக்கொள்ளும். அவர் முடிக்கிற வரைக்கும் மற்ற மிஷின்கள் ‘திறந்தாச்சா, திறந்தாச்சா’ என்று கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

சாதாரண நேரத்தில் ஒரு சிலிப் அடிக்க இருபது செகண்ட் ஆகும். ஆனால் தினமும் ஏதோ ஒரு வேளையில் எல்லாம் அப்படியே உறைந்து நிற்கும். கறுப்புத் திரையில் பச்சைக் கோடு ஒன்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஒரு சிலிப்புக்கு ஆறு நிமிஷம், ஏழு நிமிஷம். என் ஜன்னலுக்கு வெளியே ஐந்தாறு டிரைவர்கள் தலையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஸ்டோர்ஸ்காரரும் பில்காரரும் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துகிறவர்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. லாரிக்காரர்கள் வந்து நிற்பது என் ஜன்னலில்தானே, அதனால் திட்டும் எனக்குத்தான்.

ஐந்து மாசம் முடிந்தபோது மேனேஜர் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான், குரல் மட்டும் மூன்று ரூம் தாண்டிக் கேட்கும்.

“ஏம்மா, கார்பன் வெச்சுக் கையால எழுதினப்பகூட இவ்வளவு நேரம் ஆகலை. ஹெட் ஆபீஸ்ல கேக்கறாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள சரியாகலைன்னா டெஸ்பாட்ச் மிஷினைத் திருப்பி அனுப்பிட்டு, பழையபடி கார்பன் புக்தான். ஆமா, சொல்லிட்டேன்.”

மிஷின் போனால் ஆபரேட்டர் எதற்கு? அதை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. என் ஆறு மாசமும் அந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

மிஷின் விற்றவர்கள் மெட்ராஸிலிருந்து ஒரு இன்ஜினியரை வாரம் ஒரு தடவை அனுப்புவார்கள். புதன்கிழமை தவறாமல் பத்து மணிக்கு வந்து சேருவார். டை கட்டியிருப்பார், தோளில் ரெக்சின் பை. ஒவ்வொரு மிஷினாக உட்கார்ந்து பார்ப்பார். நான் சிலிப் அடிக்கச் சொன்னால் அவர் முன்னால் இருபதே செகண்டில் கடகடவென்று பிரிண்டரில் வந்து விழும். அந்த மிஷினை அப்படியே தூக்கிக் கிணற்றில் போடலாமா என்றிருக்கும் எனக்கு. “நெட்வொர்க் பர்ஃபெக்டா ஓடுது சார். ஆபரேட்டர்தான் ஸ்பீடு இம்ப்ரூவ் பண்ணணும்” என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு ஒரு மணி பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார். ‘கை ஸ்லோ’ எங்கிருந்து முளைத்தது என்று இப்போது தெரிகிறதா?

ஒரு தடவை பொறுக்க முடியாமல் சொன்னேன். “சார், ஒரு நாள் வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்கு வந்து பாருங்க. இல்லைன்னா செவ்வாய்க்கிழமை சாயந்திரம் வாங்க.”

அவர் சிரித்தார். “மேடம், கம்ப்யூட்டருக்கு வெள்ளிக்கிழமை செவ்வாய்க்கிழமை எல்லாம் தெரியாது.”

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவரிடம் கேட்டால் மறைக்காமல் சொல்லிக் கொடுப்பார். தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம். ஒவ்வொரு மிஷினையும் ஒரு ஃபிளாப்பி போட்டுத்தான் கிளப்புவோம். அந்த ஃபிளாப்பிக்குள் ஏழெட்டு வரியில் ஒரு சின்ன ஃபைல் இருக்கிறது, நெட்வொர்க் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கிறது என்று அவர் திறந்து காட்டினார். நான் பின்னால் நின்று ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டேன். பஃபர் என்றால், சர்வரிடம் ஒவ்வொன்றுக்கும் ஓடாமல் நம் மிஷின் கையில் எவ்வளவு வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்பது. ரீட்ரை என்றால், பூட்டியிருக்கும்போது எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை கதவைத் தட்டுவது என்பது. கடைசி வரியில் டைம் என்று போட்டு, பக்கத்தில் ஒன்று என்று இருந்தது. “அது ஒண்ணுமில்லை, சிலிப்ல மணி பிரிண்ட் ஆகறதுக்கு. வேணாம்னா சைபர்” என்றார். எல்லாவற்றையும் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

மறுநாளே கை அரித்தது. பஃபர் பத்து என்று இருந்ததைத் தொண்ணூற்றி ஒன்பது ஆக்கினேன். பத்துக்கே இவ்வளவு ஓடுகிறதென்றால் தொண்ணூற்றி ஒன்பதுக்குப் பறக்கும் அல்லவா? பறந்தது என் உயிர்தான். இருக்கிற மெமரி முழுவதையும் பஃபரே விழுங்கிவிட்டது, மிஷின் கிளம்பவே மாட்டேன் என்றது. மிஷின் கிளம்பினால்தானே ஃபைலைத் திறந்து சரி பண்ண முடியும்? ஸ்டோர்ஸுக்கு ஓடி, “அண்ணே, உங்க ஃபிளாப்பியைக் கொஞ்சம் குடுங்க” என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன். அதைப் போட்டு மிஷினைக் கிளப்பி, அதற்குப் பிறகு என் ஃபிளாப்பியைச் சொருகி, நோட்டைப் பார்த்துப் பழைய எண்ணை எழுதிய பிறகுதான் மூச்சு வந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்தபோது நான் ரொம்ப அமைதியாக டைப் பண்ணிக்கொண்டிருந்தேன். வேர்வை மட்டும் தாடையில் சொட்டிக்கொண்டிருந்தது.

அதிலிருந்து புத்தி வந்தது. ஃபிளாப்பிக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு நேரத்தில் ஒரு வரியை மட்டும்தான் மாற்றுவது, மாற்றியதும் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எத்தனை செகண்ட் என்று எழுதுவது என்று வழக்கமாக்கிக்கொண்டேன். பஃபர் இருபது, பிறகு இருபத்தைந்து, முப்பது. முப்பதுக்கு மேல் பிரயோஜனம் இல்லை. சிலிப்புக்குப் பன்னிரண்டு செகண்ட் என்று ஆனபோது யாரையாவது கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் என்றிருந்தது. பக்கத்தில் பிரிண்டர்தான் இருந்தது.

ரீட்ரையைப் பற்றிக் கேன்டீன் வாசலில் யோசனை வந்தது. மதியம் பெல் அடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கதவில் முட்டுவார்கள், ஒருத்தரும் உள்ளே போக முடியாது. சிரித்துக்கொண்டே எல்லோரும் ஒரே நேரத்தில் பின்வாங்கி, மறுபடியும் ஒரே நேரத்தில் முட்டுவார்கள். எங்கள் மூன்று மிஷின்களிலும் ரீட்ரை ஒரே எண்தான். நான் ஸ்டோர்ஸுக்கு ஒரு செகண்ட், எனக்கு இரண்டு, பில்லுக்கு மூன்று என்று பிரித்துப் போட்டேன். பில்காரர் ஃபிளாப்பியைக் கொடுக்கவே மாட்டேன் என்றார். “எதாச்சும் ஆச்சுன்னா நான் பொறுப்பில்ல, இப்பவே சொல்லிட்டேன்” என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. உறைந்து நிற்கிற வேளையில் ஏழு நிமிஷம் பிடித்தது நாலு நிமிஷமாகக் குறைந்தது.

குறைந்ததே தவிரப் போகவில்லை. ஜன்னலில் நிற்கிற டிரைவருக்கு நாலும் ஒன்றுதான், ஏழும் ஒன்றுதான். மாசக் கடைசிக்குப் பத்து நாள்தான் இருந்தது.

எந்த வேளையில் உறைகிறது என்று மாச ஆரம்பத்திலிருந்தே நோட்டில் குறித்துக்கொண்டு வந்தேன். திங்கள் ஒன்பது. செவ்வாய் நாலரை. புதன் ஒன்றரை. வியாழன் மூன்று. வெள்ளி பன்னிரண்டு. சனி பத்தரை. இதற்கு ஏதாவது தலையும் வாலும் புரிகிறதா? எனக்குப் புரியவில்லை. ஒரு வாரம் மட்டும் இப்படி என்றால் தற்செயல் என்று விடலாம். அடுத்த வாரமும் அச்சு மாறாமல் அதே நேரங்கள். ஃபவுண்டரி உலையால் கரண்ட் இறங்குகிறதோ என்று போய் விசாரித்தேன். “அது நாள் பூரா எரியுதும்மா, உனக்காக நிறுத்தி நிறுத்தியா எரியும்?” என்று சிரித்தார்கள். பேய் பிடித்த மிஷின் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன், சத்தியமாக.

மாசக் கடைசி வாரத்துச் செவ்வாய்க்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் எனக்கு வேலையே இல்லை. சரக்கு ஏற்றிய நாலு லாரி தார்ப்பாய் கட்டித் தயாராக நிற்கிறது, ஒருவரும் ஜன்னல் பக்கம் வரவில்லை. மறைமலை நகர் லோடு ஓட்டுகிற வடக்குப்பட்டுக்கார டிரைவர் மட்டும் நிழலுக்காக என் ஜன்னலோரம் வந்து நின்றார்.

“அண்ணே, சும்மாதானே நிக்கிறீங்க, சிலிப் அடிச்சுத் தரட்டுமா? இப்ப மிஷின் ஃப்ரீயா இருக்கு.”

நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல அவர் என்னைப் பார்த்தார். “இன்னாம்மா நீ! ராகு காலத்துல வண்டி எடுக்கச் சொல்றியே! நாலரைக்கு மேல குடு.”

“வண்டியை நாலரைக்கே எடுங்க. சிலிப்பை இப்பவே வாங்கி வச்சுக்கலாம் இல்ல?”

“வாங்கலாம்மா, ஆனா அதுல டைம் அடிக்குதே! மூணு இருவதுன்னு போட்ட பேப்பரைப் பாக்கெட்ல வச்சுகினு நான் ஒரகடம் தாண்டுவனா? முன்ன புக்குல எய்திக் குடுத்தப்போ தேதி மட்டும்தான் இருக்கும். மொதல்லயே வாங்கி வச்சுகினு, நேரம் வந்ததும் கெளம்பிடுவோம். இந்தப் பொட்டி வந்தப்புறம்தான் எல்லாரும் இப்படிக் காத்துகினு கெடக்குறோம்.” கொஞ்சம் நிறுத்தி, “ஏம்மா, எல்லாருக்கும் தெரிஞ்ச விசயமாச்சே, உனக்குத் தெரியாதா?” என்றார்.

எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் மாட்டியிருப்பது சர்ச்சில் கொடுத்த காலண்டர், நாளுக்கு ஒரு வசனம் போட்டது. ராகு காலம் என்று ஒன்று உண்டு என்று தெரியுமே தவிர, எந்தக் கிழமைக்கு எத்தனை மணி என்று நான் எங்கே கண்டேன்? மற்ற எல்லோருக்கும் அது தன் பெயரைப் போல மனப்பாடம், அதனால் ஒருத்தரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. என் பிரிண்டருக்கு மேலேயே ஆபீஸ் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு மாசமாக தினமும் காலையில் தாளைக் கிழித்தவளே நான்தான். கீழே பொடி எழுத்தில் இருந்ததை ஒரு நாளாவது படித்தேனா?

ஓடிப் போய்ப் படித்தேன். செவ்வாய், மூன்று முதல் நாலரை. என் நோட்டில் செவ்வாய் நாலரை. அடுத்த தாள்களைப் புரட்டினேன். புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரை, என் நோட்டில் ஒன்றரை. வியாழன் மூன்று மணிக்கு முடிகிறது, என் நோட்டிலும் மூன்று. வெள்ளி பன்னிரண்டு, சனி பத்தரை, திங்கள் ஒன்பது. ஒன்று விடாமல் பொருந்தியது. ஒன்றரை மணி நேரம் எல்லா லாரியும் காத்திருக்கிறது. ராகு காலம் முடிந்த அந்த நிமிஷத்தில் ஸ்டோர்ஸ், பில், நான், மூன்று பேரும் ஒரே நேரத்தில் சர்வர் கதவில் முட்டுகிறோம். புதன்கிழமை ஒன்றரைக்கு அது உறைகிறபோது இன்ஜினியர் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பார். கம்ப்யூட்டருக்குக் கிழமை தெரியாதாம், கிழமை மட்டும்தான் ஐயா அதற்குத் தெரிந்திருக்கிறது! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நோட்டையும் காலண்டரையும் தூக்கிக்கொண்டு நேராக மேனேஜர் ரூமுக்குப் போனேன். போகும்போதே ஒன்று உறைத்தது. சிலிப்பில் மணி வர வேண்டும் என்று கேட்டு வாங்கியவரே அவர்தான். கம்பெனிக்கு யார் வந்தாலும் ஒரு சிலிப்பை எடுத்து, “பாருங்க, நிமிஷத்தோட அடிக்கும்” என்று காட்டுவார். அவரும் ராகு காலம் பார்க்கிற மனுஷர். ஆனால் வந்தாச்சு, இனித் திரும்ப முடியாது.

சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லி, கடைசி வரியில் ஒன்றை எடுத்துவிட்டு சைபர் போட்டால் சரியாகிவிடும் என்றேன்.

“டைம் இல்லாத சிலிப்பா? அதுக்குத்தானேம்மா கம்ப்யூட்டரே வாங்கினோம்!”

“வண்டி வெளியே போற நேரத்தை வாட்ச்மேன் கேட்ல எழுதறார் சார். என் சிலிப்ல இருக்கறது வண்டி போன நேரம் இல்லை, நான் அடிச்ச நேரம். அதை வேற யாரும் பாக்கறது இல்லை. ராகு காலம் பாக்கறவங்கதான் பாக்கறாங்க.”

எனக்கு அதோடு நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. “என் கை ஸ்லோ இல்லை சார். அஞ்சு மாசமா அந்தப் பேரைச் சுமந்துகிட்டு உக்காந்திருக்கேன்” என்று படபடவென்று சொல்லிவிட்டேன். அவர் தன் மேஜையையே பார்த்துக்கொண்டு, “நோட்டை வச்சுட்டுப் போ” என்றார். கெட்டது காரியம் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் புதன்கிழமை, இன்ஜினியரும் இருந்தார். மேனேஜர் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, “வெள்ளிக்கிழமை சைபர் போட்டுப் பாக்கலாம். அன்னிக்குத்தான் பெரிய லோடு” என்றார். அவ்வளவுதான் சொன்னார். இன்ஜினியர் என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர், ரீட்ரை எண்களைப் பார்த்துவிட்டு, “இப்படிப் பிரிச்சுப் போடணும்னு யார் சொன்னது?” என்று கேட்டார்.

“கேன்டீன் வாசல் சார்” என்றேன்.

அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. ஆனால் தன் பையிலிருந்து ஒரு டைரியை எடுத்து அந்த மூன்று எண்களையும் எழுதிக்கொண்டார். அன்றைக்கு அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டதில் கிண்டல் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு வாய் இட்லிகூட இறங்கவில்லை. அப்பா வழக்கம்போலக் கிண்டல் பண்ணினார், சிரிக்க முடியவில்லை. பத்து மணிக்கு மேனேஜர் என் செக்‌ஷனுக்கு வந்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் ரூமில் போன் அடித்தது, திரும்பிப் போய்விட்டார். சிலிப் சரியாக வந்தாலும் வராவிட்டாலும் உனக்கு இன்றைக்குக் கடைசி நாள் என்று சொல்லத்தான் வந்திருப்பார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

பத்தரைக்கு ராகு காலம் தொடங்கியது. வெளியே பத்து லாரி. ஃபைலில் கடைசி வரியைத் திறந்து ஒன்றை அழித்து சைபர் போட்டு, மிஷினை மறுபடி கிளப்பினேன். முதல் சிலிப், பன்னிரண்டு செகண்ட். நான் கூப்பிட்டதும் வடக்குப்பட்டு டிரைவர்தான் முதலில் வந்து வாங்கினார். முன்னே பார்த்தார், பின்னே திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். “தேதி மட்டும்தான் கீது! இது சரி” என்று நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். அதைப் பார்த்ததும் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். அவசரமில்லாமல் ஸ்டோர்ஸ்காரர் ஒற்றை விரலால் குத்தினார், பில்காரர் குத்தினார், நான் அடித்தேன். பதினோரு மணிக்கெல்லாம் பத்து சிலிப்பும் பத்து சட்டைப் பைக்குள் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு மணி நேரத்தை என் வாழ்க்கையில் மறக்கவே முடியாது. பன்னிரண்டு அடித்ததும் பத்து இன்ஜினும் ஒன்றாக உறுமின. வாட்ச்மேன் கேட்டைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தன் நோட்டில் எழுத, லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே போயின. பன்னிரண்டு பத்துக்கு யார்டு காலி. என் ஜன்னலில் ஒரு தலை இல்லை.

“ஏம்மா, இங்க வா” என்று மேனேஜர் குரல் கேட்டது.

போனேன். டிராயரைத் திறந்து ஒரு கவரை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். பிரித்தேன். என் பெயர் இருந்தது, பர்மனென்ட் என்று இருந்தது. மற்ற வரிகள் கண்ணீரில் கலங்கிப்போய்விட்டன. கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே பார்த்தபோது அவர் கையெழுத்தும் தேதியும் தெரிந்தது. தேதி புதன்கிழமையுடையது.

“சார், இது புதன்கிழமையே...”

“நோட்டைப் படிச்சதுமே கையெழுத்துப் போட்டுட்டேன். இன்னிக்கு ஓடினாலும் சரி, ஓடலைன்னாலும் சரி, இப்படி உக்காந்து குறிச்ச பொண்ணை யாராவது வெளியே அனுப்புவாங்களா? வெள்ளிக்கிழமை நல்ல நாளாச்சே, அன்னிக்குக் குடுக்கலாம்னு வச்சிருந்தேன். பத்து மணிக்குக் குடுக்கத்தான் வந்தேன், போன் வந்துடுச்சு. பேசி முடிக்கறதுக்குள்ள பத்தரை தாண்டிடுச்சு. ராகு காலத்துல எப்படிம்மா கையில குடுக்கறது?”

டிரைவர்கள் பையில் சிலிப் காத்துக்கொண்டிருந்த அதே நேரம் முழுவதும் என் ஆர்டர் அவர் டிராயரில் காத்துக்கொண்டிருந்திருக்கிறது! சந்தோஷத்துக்கு முன்னால் எனக்கு வந்தது கோபம்தான். “மூணு நாளா வயித்துல நெருப்பைக் கட்டிகிட்டு இருந்தேன் சார். ஒரு வாய் சாப்பிடலை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?” என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன்.

அவர் மூன்று ரூம் கேட்கும்படி சிரித்தார். “போய்ச் சாப்பிடு போ. பாத்தியா, அதுல டைம் போடலை. சைபர் போட்டுட்டேன்.”

அன்று சாயந்திரம் ஆர்டரை அப்பாவிடம் கொடுத்தேன். இங்கிலீஷ் அவருக்குப் படிக்க வராது. சிமெண்ட் ஏறிய விரலால் தொட்டால் அழுக்காகிவிடும் என்று கையைக் கழுவிக்கொண்டு வந்து வாங்கினார். வெகுநேரம் வைத்துப் பார்த்துவிட்டு, பைபிளுக்குள் வைத்தார்.

மறுநாள் காலையில் நான் கிளம்பும்போது எப்போதும்போல வாசலில் வந்து நின்றார்.

“பாத்துப் போ, உன் செவுத்துல இட்ச்சிக்காத” என்றார்.

நான் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். திரும்பியிருந்தால் ரோட்டிலேயே அழுதிருப்பேன்.